பொச்சாப்பு என்னும் உட்பகை

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டுக் கூட்டத்தில் யாதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். கல்வி, ஒற்றுமை, சிக்கனம் ஆகியவைபற்றி இம்மேடையில் என்னினும் வல்லார் பலர் பேசியிருக்கின்றனர், இனியும் பேசுவர். ஆதலின் அவற்றை விடுத்து, கற்றாரையும் கல்லாரையும், செல்வரையும் வறியரையும் ஒருங்கே பற்றுவதாய், பற்றியிருப்பது பற்றப்பட்டவர்க்கே புலப்படாததாய் உள்ள ஒரு குற்றத்தைக் குறித்துச் சிறிது பேச விரும்புகின்றேன். அக்குற்றம் யாதெனின், தன் மதிப்பீட்டின்மேல் தான் வைக்கும் அளவு கடந்த நம்பிக்கையாம்.

இதற்குத் தமிழில் அழகிய பெயரொன்று முன்னரே உண்டு. திருக்குறளின் 54ஆம் அதிகாரத்திற்குப் 'பொச்சாவாமை' என்று பெயர். பொச்சாப்பு என்பது மறதி. ஆயின், சாவியை வைத்த இடம் மறப்பது போன்ற மறதியன்று. வென்ற களிப்பிலும், செல்வச் செருக்கிலும், வலிமையின் எண்ணத்திலும் மூழ்கிக் காக்க வேண்டியதைக் காவாது விடும் மறதி. தோற்றவனுக்கு இம்மறதி எளிதில் வருவதில்லை, அவன் விழித்திருக்கின்றான். வென்றவனுக்கே வருகின்றது. இவ்வதிகாரமும், 'தெரிந்துசெயல்வகை', 'வலியறிதல்' முதலிய அதிகாரங்களும் பொருட்பாலில் அரசியற் பகுதியில் வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. பிறர் நலத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்கின்றவனுக்கே இக்குற்றம் பெருங்கேடு தருவதாகும். அத்தகையோர் அரசர் மட்டுமல்லர். குடும்பத் தலைவரும், கடை முதலாளியும், சங்க நிர்வாகிகளும் அவ்வினத்தினரே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். தன்னம்பிக்கை வேண்டுமென்று மேடைதோறும் முழங்குகின்றோமே, அதனைக் குற்றம் என்பது பொருந்துமா? பொருந்தாது, நான் அவ்வாறு கூறவும் இல்லை. "என்னால் முயல முடியும்" என்பது தன்னம்பிக்கை. "நான் கருதியது தவறாது" என்பது பொச்சாப்பு. முன்னது உழைப்பைப் பற்றியது. பின்னது மதிப்பீட்டைப் பற்றியது. முன்னது கையை இயக்குகின்றது. பின்னது காதை அடைக்கின்றது.

நிற்க. இக்குற்றம் யாரோ சிலரிடத்து மட்டும் உள்ளதென்று கருதுவோமாயின், அக்கருத்தே இக்குற்றத்திற்கு ஓர் எடுத்துக்காட்டாகிவிடும். ஸ்வென்சன் என்னும் சுவீடன் தேசத்து அறிஞர் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி உண்டு. அமெரிக்கர் ஒரு குழுவினரும் சுவீடன் நாட்டினர் ஒரு குழுவினருமாக வண்டியோட்டுவோரைக் கூட்டி, தத்தம் குழுவிலுள்ள ஏனையோரோடு ஒப்பிட்டுத் தாம் எவ்வளவு பத்திரமாக ஓட்டுவோர் என்று சொல்லுமாறு அவர் கேட்டார். அமெரிக்கருள் நூற்றுக்கு 88 பேரும், சுவீடன் நாட்டினருள் நூற்றுக்கு 77 பேரும் தாம் மேற்பாதியைச் சேர்ந்தோர் என்றனர். ஒரு வரிசையில் மேற்பாதியில் நிற்கக்கூடியவர் நூற்றுக்கு ஐம்பதின்மரே என்பது சிறுவர்க்கும் தெரிந்த கணக்கு. அவர்கள் பொய் கூறினாரல்லர். உண்மையாகவே அவ்வாறு நம்பினர். அதுதான் அஞ்சத்தக்கது.

இந்நம்பிக்கை எவ்வாறு வளர்கின்றது என்பதை வேறொரு சோதனை விளக்கும். வேசன் என்னும் ஆங்கிலேய உளநூலறிஞர் 1960ஆம் ஆண்டில் வெளியிட்டது. "2, 4, 6 என்னும் மூன்று எண்களும் ஒரு விதிக்கு உட்பட்டவை. நீங்கள் வேறு மும்மூன்று எண்களைச் சொல்லுங்கள். அவை விதிக்கு உட்பட்டனவா என்று நான் சொல்வேன். விதி இன்னதென்று உறுதியானதும் அதனைக் கூறுங்கள்" என்பது ஏற்பாடு. பலரும் "இரண்டிரண்டாய் ஏறும் எண்கள்" என்று மனத்திற் கொண்டு, 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் கேட்டனர். ஒவ்வொன்றிற்கும் "பொருந்தும்" என்ற விடை வந்தது. உறுதி பெருகியது, விதியைக் கூறினர், தவறாயிற்று. உண்மையான விதி, எண்கள் ஒன்றினொன்று ஏறுவரிசையில் இருத்தல் வேண்டும் என்பதே. 1, 2, 50 என்று ஒருமுறை கேட்டிருந்தால் தம் எண்ணம் தவறென்பது அக்கணமே விளங்கியிருக்கும். ஆனால், தம் கருத்தை உடைக்கக்கூடிய கேள்வியைக் கேட்க மனம் வருவதில்லை. "ஆம்" என்ற விடை வரும் கேள்வியையே மனம் தேடுகின்றது. ஒரு வியாபாரம் தொடங்கக் கருதுவோன், அதே வியாபாரத்தில் பொருளீட்டியவனிடம் சென்று யோசனை கேட்பதும், நொடித்துப் போனவன் வீட்டுத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவதும் இதனாலன்றோ?

இவ்வாறு மனம் தடம் புரளும் வழிகளை முறைப்படுத்தி ஆராய்ந்தவருள் தலையாயோர் டேனியல் கானெமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்னும் இருவர். அவர்கள் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு அடிப்படையாயிற்று. ட்வெர்ஸ்கி 1996இல் காலமானார். கானெமன் உளநூலறிஞராயிருந்தும் 2002இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு பெற்றார். 2024இல் அவரும் மறைந்தார். மனிதர் பிழைப்பது அறிவின்மையால் மட்டுமன்று. அப்பிழைகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அறிஞரும் அதே வழியிற் பிழைக்கின்றனர் என்பது அவர்கள் காட்டிய உண்மை.

அறிஞர் பிழைத்ததற்கு ஒரு சான்று கூறுகின்றேன். சற்று விரிவாகவே கூறுவேன். ஏனெனில் இதில் நம் கூட்டங்களின் சாயலை நீங்கள் காண்பீர்கள்.

அமெரிக்க நாட்டின் நாசா என்னும் விண்வெளி நிலையத்தார், மனிதரை ஏற்றிச் சென்று மீளும் விண்ணோடங்களை 1981ஆம் ஆண்டு முதல் செலுத்தி வந்தனர். 1986ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28ஆம் நாள், 'சாலஞ்சர்' என்னும் ஓடம் புளோரிடாவிலிருந்து புறப்பட்டது. அதற்கு முன் 24 பயணங்கள் நடந்து யாவரும் உயிரோடு மீண்டிருந்தனர். இஃது 25ஆவது பயணம். எழுவர் ஏறினர், அவருள் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியை. புறப்பட்ட 73ஆவது விநாடியில் ஓடம் வானில் சிதறியது. எழுவரும் மாண்டனர்.

காரணம் யாது? ஓடத்தை மேலே தள்ளும் பெரிய உந்து ராக்கெட்டுகள் துண்டுதுண்டாகச் செய்து பொருத்தப்பட்டவை. பொருத்துவாயில் சூடான வாயு கசியாதபடி இரண்டு ரப்பர் வளையங்கள் இருந்தன. அவற்றின் கனம் சுமார் கால் அங்குலம். குளிரில் ரப்பர் விறைக்கும். விறைத்தால் விரைவில் விரிந்து வாயை அடைக்காது. அன்று காலை அவ்விடத்தில் வெப்பம் 36 பாரன்ஹீட் டிகிரி மட்டுமே. அதற்கு முந்திய எந்தப் பயணத்தின்போதும் இருந்ததைவிட 15 டிகிரி குறைவு. வளையம் அடைக்கவில்லை, தீ கசிந்தது, ஓடம் அழிந்தது.

இதனை எவரும் முன்னறியாமல் இருந்தனரா? இல்லை, அறிந்தவர் இருந்தனர், எச்சரித்தவரும் இருந்தனர். ராக்கெட்டைச் செய்து கொடுத்த மார்ட்டன் தயோக்கால் கம்பெனியின் எஞ்சினீயர் ரோஜர் பாய்ஸ்ஜோலி என்பவர், 1985ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலேயே, இவ்வளையங்களால் உயிர்ச்சேதம் நேரக்கூடும் என்று தம் மேலதிகாரிகட்கு எழுதியிருந்தார். புறப்பாட்டிற்கு முந்திய இரவு, டெலிபோன் மூலம் ஓர் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. வளையத்தின் வெப்பம் 53 டிகிரிக்குக் குறைவாயின் புறப்படலாகாது என்று எஞ்சினீயர்கள் கூறினர். அவர்கள் கூற்றைக் கம்பெனியாரும் முதலில் ஏற்றனர்.

நாசா அதிகாரிகட்கு இது பிடிக்கவில்லை. புறப்பாடு முன்னமே பலமுறை தள்ளிப்போயிருந்தது. ஓர் அதிகாரி இக்கூற்றைக் கேட்டுத் தாம் திகைப்பதாகச் சொன்னார். மற்றோர் அதிகாரி, அப்படியானால் ஏப்ரல் மாதம் வரை காத்திருப்பதா என்று கேட்டார். கம்பெனியார் தனியே கலந்து பேசச் சிறிது நேரம் கேட்டுக்கொண்டனர். ஐந்து நிமிஷம் என்றது அரை மணியாக நீண்டது. பாய்ஸ்ஜோலியும் அவர் தோழர் ஒருவரும் படங்களைக் காட்டி வாதாடிப் பார்த்துப் பயனின்றி அமர்ந்தனர். பின்னர் நிர்வாகிகள் நால்வர் மட்டும் தமக்குள் முடிவு செய்தனர். அந்நால்வருள் ஒருவர் எஞ்சினீயர் பகுதியின் தலைவர், அவர் தயங்கினார். எஞ்சினீயராயிருந்து எண்ணுவதை விடுத்து நிர்வாகியாயிருந்து எண்ணுமாறு அவர்க்குச் சொல்லப்பட்டது. அவரும் இசைந்தார். கூட்டம் மீண்டும் கூடியபோது புறப்படலாம் என்று அறிவிக்கப்பட்டது. மாறுபட்ட கருத்துடையார் உளரோ என்று கேட்கப்பட்டபோது எவரும் வாய் திறந்திலர். புளோரிடாவில் இருந்த அக்கம்பெனியின் பிரதிநிதி ஆலன் மக்டானல்டு என்பவர் மட்டும் கையொப்பமிட மறுத்தார். வேறொருவர் கையொப்பமிட்டு அனுப்பினார்.

சகோதரர்களே! அக்கூட்டத்தில் இருந்தவருள் தீயோர் எவருமிலர், கல்லாதவரும் இலர். எழுவரைக் கொல்ல வேண்டும் என்று கருதியவரும் இலர். பின்னை எவ்வாறு இது நிகழ்ந்தது? நான்கு காரணங்களைக் காட்டலாம்.

முதலாவது, பழைய வெற்றியைப் பத்திரத்திற்குச் சான்றாகக் கொண்டமை. 1981இல் நடந்த இரண்டாம் பயணத்திலேயே வளையம் அரித்திருந்தது காணப்பட்டது. வளையம் சிறிதும் அரிக்கலாகாது என்பதே முதல் ஏற்பாடு. ஆயினும் ஓடம் மீண்டு வந்தமையால், 'இவ்வளவு அரிப்பு இருக்கலாம்' என்றாயிற்று. அடுத்து இன்னும் சிறிது அரித்தது. அதுவும் இருக்கலாம் என்றாயிற்று. விரிசல் கண்ட பாலத்தின்மேல் வண்டி ஒருமுறை கடந்தால், பாலம் உறுதியானது என்பது பெறப்படுமா? அன்று இடியவில்லை என்பதே பெறப்படும். இவ்வாறு பிழையை வழக்கமாக்கிக் கொள்வதைப்பற்றி டயேன் வான் என்னும் சமூகநூல் அறிஞர் 1996இல் ஒரு பெருநூலே எழுதினார்.

இரண்டாவது, பாதிக் கணக்கைப் பார்த்தமை. குளிருக்கும் வளையப் பழுதுக்கும் தொடர்பு உண்டா என்று அவ்விரவில் ஆராய்ந்தபோது, பழுது நேர்ந்த பயணங்களை மட்டும் எடுத்து நோக்கினர். 53 டிகிரியிலும் பழுது, 75 டிகிரியிலும் பழுது. ஆகவே தொடர்பில்லை என்று தோன்றிற்று. பழுது நேராத பயணங்களையும் சேர்த்து நோக்கியிருப்பின் உண்மை வெளிப்பட்டிருக்கும். பின்னர் ஏற்பட்ட விசாரணைக் கமிஷன் அவ்வாறு நோக்கிற்று. 66 டிகிரியும் அதற்கு மேலுமாக நடந்த 20 பயணங்களுள் பழுது கண்டவை 3 மட்டுமே. 63 டிகிரியும் அதற்குக் கீழுமாக நடந்த 4 பயணங்களுள் நான்கிலும் பழுது. கணக்கு ஏட்டிலேயே இருந்தது; பாதிப் பக்கம் புரட்டப்படவில்லை.

மூன்றாவது, கேள்வி தலைகீழாயினமை. 'பத்திரம் என்று மெய்ப்பித்தாலன்றிப் புறப்படலாகாது' என்பதே முறை. அன்றிரவோ, 'ஆபத்து என்று மெய்ப்பித்தாலன்றி நிறுத்தலாகாது' என்றாயிற்று. ஐயத்தின் பயன் எழுவர் உயிர்க்குச் சேராமல், குறித்த நாளுக்குச் சேர்ந்தது.

நான்காவது, மேலிருப்போர்க்கும் கீழிருப்போர்க்கும் இடையே மதிப்பீட்டில் நேர்ந்த வேறுபாடு. கமிஷன் உறுப்பினருள் ஒருவரான ரிச்சர்ட் பைன்மன் என்னும் பௌதிக அறிஞர், ரப்பர்த் துண்டு ஒன்றைப் பனிநீர்க் கிண்ணத்தில் இட்டெடுத்து அது விறைப்பதைச் சபையிலேயே காட்டினார். அவர் மற்றொன்றும் கண்டறிந்தார். ஓடம் அழிவதற்குரிய வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டதற்கு, கையால் வேலை செய்யும் எஞ்சினீயர்கள் நூற்றில் ஒன்று என்ற அளவில் கூறினர். நிர்வாகிகள் லக்ஷத்தில் ஒன்று என்றனர். லக்ஷத்தில் ஒன்று என்றால், நாள்தோறும் ஓர் ஓடமாக ஏறத்தாழ முந்நூறு ஆண்டு செலுத்தினும் ஒன்றே கெடும் என்பது பொருள். எவர் கணக்கு மெய்யாயிற்று என்பதை இன்று நாம் அறிவோம். 2011இல் ஓடங்கள் நிறுத்தப்படும் வரையில் நடந்த பயணங்கள் 135, அழிந்தவை 2. அஃதாவது 67 அல்லது 68க்கு ஒன்று.

அழிந்த இரண்டாவது ஓடம் 'கொலம்பியா.' 2003ஆம் ஆண்டு ஜனவரி 16இல் அது புறப்பட்டபோது, எரிபொருள் கலத்தின் மேலிருந்த நுரைப்பொருளின் துண்டொன்று பெயர்ந்து சிறகில் மோதிற்று. முன்னும் பலமுறை நுரைத்துண்டுகள் விழுந்திருந்தன, ஒன்றும் நேரவில்லை, ஆகவே அஃது ஆபத்தன்று என்ற எண்ணம் ஊறிவிட்டது. சிறகின் நிலையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று எஞ்சினீயர் சிலர் வேண்டியும் மேலிடம் இசையவில்லை. பிப்ரவரி 1ஆம் நாள் மீளும்போது ஓடம் வானில் சிதறி எழுவர் மாண்டனர். அவருள் ஒருவர் ஹரியானாவிலுள்ள கர்னாலிற் பிறந்த நம் தேசத்துப் பெண்மணி கல்பனா சாவ்லா. பதினேழு ஆண்டுகட்கு முன் உலகமறியக் கற்ற பாடம், அதே நிலையத்தில் மறக்கப்பட்டது. பொச்சாப்பு என்ற சொல்லுக்கு இதனினும் தெளிவான உரை வேண்டுமோ?

பாதிக் கணக்கைப்பற்றி மேலும் ஒரு செய்தி. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் ஆபிரகாம் வால்டு என்னும் கணித அறிஞர், குண்டடிபட்டு மீண்ட ஆகாய விமானங்களைக் கொண்டு எந்தப் பாகம் மிகவும் நலிவானது என்று கணிக்கும் முறையை வகுத்தார். குண்டுத்துளைகள் மிகுதியாகக் காணப்படும் பாகங்களையே பலப்படுத்த வேண்டும் என்று முதற்பார்வையில் தோன்றும். ஆனால், அத்துளைகளோடும் அவ்விமானங்கள் மீண்டனவன்றோ? துளை குறைவாகக் காணப்படும் பாகத்தில் அடிபட்டவை மீளவே இல்லை. ஆதலின் காக்க வேண்டியது அப்பாகத்தையே. கண்முன் நிற்பவற்றை எண்ணுவது எளிது. வாராதுபோனவற்றை எண்ணுவதே அறிவு. அவ்வறிஞர் நம் நாட்டிற்குச் சொற்பொழிவாற்ற வந்து, 1950ஆம் ஆண்டு டிசம்பரில் நீலகிரி மலையில் நேர்ந்த விமான விபத்தில் இறந்தார் என்பது வருந்தத்தக்கது. படிப்பை விடுத்துத் தொழிலிறங்கிக் கோடீசுவரரானவர் ஒருவரைச் சுட்டிக்காட்டித் தன் படிப்பை நிறுத்த விரும்பும் இளைஞன், மீண்டு வந்த விமானத்தை மட்டும் பார்க்கின்றான். மீளாதவர்கள் பத்திரிகையில் வருவதில்லை.

இவற்றைக் கேட்டு, "அவர்கள் எவ்வளவு மூடத்தனமாக நடந்தனர்; நாமாயின் அவ்வாறு செய்திரோம்" என்று நம்முள் சிலர் கருதலாம். அதுவும் மனத்தின் ஒரு புரட்டே. பிஷ்ஹாப் என்னும் அறிஞர் 1975இல் இதனைச் சோதித்தார். 1814இல் ஆங்கிலேயர்க்கும் கூர்க்கர்க்கும் நடந்த போரைப்பற்றிய குறிப்பைப் பலர்க்கும் கொடுத்தார். சிலர்க்கு ஆங்கிலேயர் வென்றனர் என்றும், சிலர்க்குக் கூர்க்கர் வென்றனர் என்றும், சிலர்க்கு வேறு முடிவும் கூறினார். எந்த முடிவு கூறப்பட்டதோ, அதுவே முன்னமே நிகழக்கூடியதாக இருந்தது என்று அவரவர் மதிப்பிட்டனர். முடிவு தெரிந்தபின் யாவரும் ஞானிகளே. "நான் அப்பொழுதே நினைத்தேன்" என்று சொல்வோர்க்கு உலகில் என்றும் பஞ்சமில்லை. அப்பொழுதே எழுதி வைத்தவரைக் காண்பதுதான் அரிது.

இனி, நமக்கு இதனால் ஆவது யாது என்று பார்ப்போம். நாம் விண்ணோடம் செலுத்துவோரல்லோம். ஆயினும் நம்மிடையே ஒரு குடும்பம் நொடிவதற்கு ஒரு ஜாமீன் கையெழுத்துப் போதும். தலைமுறைச் சொத்துக் கரைவதற்கு ஒரு புதுத்தொழில் போதும். ஒரு பெண்ணின் வாழ்வு கெடுவதற்கு அரைநாள் விசாரணையில் முடித்த ஒரு சம்பந்தம் போதும். அவ்வேளைகளில் நாம் எவ்வாறு முடிவு செய்கின்றோம்? பெரியவர் ஒருவர் முதலிற் பேசுகின்றார், ஏனையோர் தலையசைக்கின்றனர். ஐயம் உடையவன் இளையவனாயிருப்பான். 'நமக்கென்ன' என்று இருந்துவிடுகின்றான். உள்ளறையில் இருக்கும் பெண்மக்கள் பலகாலும் நம்மினும் தெளிவாக உணர்ந்திருப்பர். அவர்களை எவரும் கேட்பதில்லை. முடிவில் 'யாவரும் ஒப்புக்கொண்டனர்' என்கின்றோம். நம் சங்க நடவடிக்கைப் புத்தகங்களைப் புரட்டினால், தீர்மானம்தோறும் 'ஏகமனதாக நிறைவேறியது' என்று காண்கின்றோம். ஏகமனமாயிருத்தல் சிறப்பே. ஆயின் அஃது உண்மையான மனமா, அல்லது மௌனமா என்பதை உசாவுதல் வேண்டும். அன்றிரவு டெலிபோன் கூட்டமும் ஏகமனதாகவே முடிந்தது.

ஆகவே நான்கு வழக்கங்களை உங்கள்முன் வைக்கின்றேன்.

ஒன்று: இளையோர் முதலிற் பேசுதல். யூதர்களின் பழைய நீதிமுறையில், உயிர்த்தண்டனைக்குரிய வழக்குகளில் சபையின் கடையிடத்தில் இருப்போரிடமிருந்தே கருத்துக் கேட்கத் தொடங்க வேண்டும் என்று விதி இருந்தது. பெரியோர் முதலிற் பேசினால் அவர்க்கு மாறாகப் பேச இளையோர் நாணுவர் என்பது கருத்து. இதனால் பெரியோர்க்கு மரியாதை குறையாது. எல்லாவற்றையும் கேட்டபின் உரைக்கும் இறுதிச் சொல் அவர்களுடையதாகின்றது. தவறு கண்டவிடத்துக் கடிந்துரைக்க வல்ல பெரியோரைத் துணைக்கொள்க என்பது வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடலில் வற்புறுத்தும் நெறி. கடிந்துரைப்பவன் நம் வீட்டில் இளையவனாயிருந்தால் அவனும் அத்துணையே.

இரண்டு: தோல்வியை முன்னமே கற்பித்துப் பார்த்தல். கேரி கிளைன் என்னும் அறிஞர் கூறிய முறை இது. ஒரு காரியத்தைத் தொடங்குமுன் யாவரும் கூடி, 'ஓராண்டு சென்றது, இக்காரியம் முற்றிலும் கெட்டுவிட்டது, ஏன் கெட்டது?' என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றும் காரணத்தைத் தனித்தனியே எழுத வேண்டும். 'ஆட்சேபணை உண்டா?' என்று கேட்டால் வாய் திறவாதவனும், 'ஏன் கெட்டது?' என்று கேட்டால் எழுதுவான். அபசகுனம் பேசுகின்றான் என்ற பழி அவனுக்கு வாராது.

மூன்று: நம்மைப் போன்றோர்க்கு நேர்ந்ததை விசாரித்தல். கானெமன் தம் தேசமாகிய இஸ்ரேலில் ஒரு பாடப்புத்தகம் எழுதும் குழுவில் இருந்தார். எவ்வளவு காலத்தில் முடியும் என்று ஒவ்வொருவரும் எழுதியபோது, ஒன்றரை ஆண்டு முதல் இரண்டரை ஆண்டு வரை என்று கணக்கு வந்தது. பின்னர் குழுவிலிருந்த அனுபவசாலி ஒருவரை, இத்தகைய பிற குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டார். நூற்றுக்கு நாற்பது குழுக்கள் முடிக்கவே இல்லை, முடித்தவையும் ஏழாண்டிற்குக் குறைவாக முடிக்கவில்லை என்றார் அவர். வியப்பு யாதெனின், சற்று முன் குறைந்த காலத்தை எழுதியவருள் அவரும் ஒருவர். தமக்குத் தெரிந்ததே தமக்கு நினைவிற்கு வரவில்லை. அதைக் கேட்டும் குழுவினர் வேலையைத் தொடர்ந்தனர். புத்தகம் முடிய எட்டாண்டு ஆயிற்று. ஆகவே, விடுதி கட்டுவதாயினும் வீடு கட்டுவதாயினும், நம் திட்டத்தை மட்டும் நோக்காது, இதுபோன்ற கட்டடம் கட்டியவர்க்கு என்ன செலவாயிற்று, எத்துணைக் காலம் ஆயிற்று என்று முதலில் உசாவுதல் வேண்டும்.

நான்கு: எழுதி வைத்தல். முடிவு செய்யும் நாளன்றே, இன்ன காரணத்தால் இம்முடிவு செய்தோம், இன்னது நடக்குமென எதிர்பார்க்கின்றோம், இன்னார் மாறுபட்டார், அவர் கூறிய காரணம் இது என்று ஒரு தாளில் எழுதித் தேதியிட்டு வைத்தல். வரவு செலவுக்குப் பேரேடு வைத்து அந்தியில் கணக்குத் தீர்க்கும் நாம், நம் மதிப்பீடுகளுக்கு மட்டும் பேரேடு வையாதது ஏனோ? ஓராண்டு கழித்து அத்தாளை எடுத்துப் பார்ப்பவன், தன் கணிப்பின் நிறையை உள்ளபடி அறிவான். வலியறிதல் என்பதில் தன் வலியை அறிதலும் அடங்கும்.

இவை யாவும் செய்தாலும் பிழை நேராதென்று நான் உறுதி கூறேன். அவ்வாறு கூறுவேனாயின் இதுகாறும் பேசியதற்கு நானே மாறாவேன். மேலும், எல்லாவற்றையும் ஐயுற்று ஒன்றுமே செய்யாதிருத்தலும் கேடே. ஆழம் பார்த்துக் காலிடுக என்ற பழமொழி, ஆற்றைக் கடவாதே என்று சொல்வதன்று. துணிக, துணியுமுன் அளந்து துணிக.

இறுதியாக ஒன்று. அவ்விரவில் வாதாடித் தோற்ற பாய்ஸ்ஜோலி, கமிஷன்முன் உண்மையைக் கூறியதற்காகத் தம் கம்பெனியில் பலரால் ஒதுக்கப்பட்டார். பின்னரே அறிவியலாளர் சங்கத்தார் அவர் நேர்மையைப் பாராட்டி 1988இல் பரிசளித்தனர். அவர் 2012இல் காலமானார். கையொப்பமிட மறுத்த மக்டானல்டும் முதலில் பதவி தாழ்த்தப்பட்டுப் பின் உயர்த்தப்பட்டு, அவ்வளையங்களின் பொருத்துவாயைத் திருத்தியமைக்கும் பொறுப்பை ஏற்றார். எச்சரித்தவனைப் பகைவனாக எண்ணுவது எல்லாக் கூட்டத்திற்கும் உள்ள இயல்பு. நம் கூட்டம் அவ்வாறு ஆகாதிருக்குமாக. இச்சங்கத்தின் அடுத்த தீர்மானத்தில், மாறுபட்டவர் ஒருவராயினும் அவர் சொன்ன காரணம் நடவடிக்கைப் புத்தகத்தில் ஒரு வரியாகவேனும் எழுதப்படுமாயின், என் பேச்சு வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.